மூன்றில் ஒரு பங்கு

உலகப் பொருளாதார மன்றம் 2023-ல் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கையில், கிராபிக் டிசைனர் வேலை மிதமாக வளரும் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதே மன்றத்தின் 2025 ஜனவரி அறிக்கையில் அது மிக வேகமாகச் சுருங்கும் வேலைகளோடு சேர்ந்துவிட்டது. முதல் பத்துக்கு அடுத்தபடியாக அதன் பெயர் வருகிறது. 55 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் கேட்டுத் தொகுத்த அறிக்கை இது. நடந்து முடிந்ததை எண்ணிச் சொன்ன கணக்கல்ல. 2030-க்குள் என்ன நடக்கும் என்று முதலாளிகள் எதிர்பார்ப்பதன் தொகுப்பு. ஆனால் ஆள் எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் அந்த முதலாளிகள்தான். ஆகவே அவர்கள் எதிர்பார்ப்பை வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது.

இந்தக் கணக்கு எங்கோ மும்பையிலும் நியூயார்க்கிலும் உள்ள பெரிய விளம்பர நிறுவனங்களைப் பற்றியது என்று தூத்துக்குடியில் இருப்பவர்கள் நினைக்கலாம். நிலைமை நேர்மாறானது. பெரிய நிறுவனத்துக்குத் தாங்கும் சக்தி உண்டு. முதலில் அடிபடுவது இங்கே இருக்கிற டிடிபி சென்டரும் பிளக்ஸ் கடையும்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடக்கும் பனிமய மாதா திருவிழா நோட்டீஸ், திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கு வாழ்த்துத் தட்டி, உப்புப் பாக்கெட், மக்ரூன் டப்பா, கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிளும் கடலைமிட்டாய் கவரும், மீன் ஏற்றுமதிக்காரர்களின் அட்டைப்பெட்டி: இந்த மாவட்டத்து டிசைனர்கள் பிழைப்பது இத்தகைய சில்லறை வேலைகளால். பரிசு வாங்கும் வேலைகள் இல்லை. ஆனால் ஒரு தெருவில் இரண்டு மூன்று கடைகளுக்குச் சோறு போடுபவை.

இந்தச் சில்லறை வேலை இரண்டு கட்டமாகக் கையை விட்டுப் போகிறது. முதல் கட்டம் ஆயத்த மாதிரிகள். 2013-ல் சிட்னியில் தொடங்கிய கேன்வா போன்ற செயலிகளில் பெயரையும் தேதியையும் மாற்றினால் பத்திரிகை தயார். அதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டியிருந்ததால் பலர் கடைக்கே வந்தார்கள். இரண்டாம் கட்டம் 2022-ல் வந்தது. டால்-இ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிப்யூஷன் மூன்றும் அந்த ஒரே ஆண்டில் மக்கள் கைக்கு வந்தன. என்ன வேண்டும் என்று சொன்னால் படம் வருகிறது. வாடிக்கையாளர் இப்போது கடைக்கு வரும்போது கையில் மேட்டர் கொண்டுவருவதில்லை. முடிந்த படத்தைக் கொண்டுவந்து “பிரிண்ட் மட்டும் போட்டுக் குடுங்க” என்கிறார். டிசைன் சார்ஜ் என்று பில்லில் இருந்த வரி காணாமல் போகிறது.

வருமானம் போவது ஒரு பக்கம். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இந்தச் சில்லறை வேலைதான் இந்தத் தொழிலின் பள்ளிக்கூடம். டிசைன் கல்லூரிக்கு அனுப்பும் வசதி இல்லாத வீட்டுப் பையன், பெண் யாரானாலும், கடையில் டைப்பிங்குக்குச் சேர்ந்து, முதலில் பெயர்ப் பிழை திருத்தி, பிறகு பார்டர் போட்டு, பிறகு லேஅவுட் செய்து, பிளேட்டில் எந்தக் கலர் எப்படி விழும் என்று மெஷின் மாஸ்டரிடம் திட்டு வாங்கித்தான் டிசைனர் ஆனார்கள். எந்த இடத்தில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், எங்கே வெற்றிடம் விட வேண்டும் என்ற தீர்மானம் ஐந்நூறு கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு வருவது. அந்தப் பத்திரிகைகளை இயந்திரம் செய்துவிட்டால், 2035-ல் அனுபவமுள்ள டிசைனர் என்று ஒருவர் எங்கிருந்து வருவார்?

கோவில்பட்டியின் வரலாறே இதற்குச் சாட்சி. சி. கொண்டையா ராஜு 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைபவராகி, 1940-களில் கோவில்பட்டியில் நிலைத்தார். தமிழ்நாட்டு வீடுகளில் காலண்டர் சாமி படம் என்றால் கண்ணுக்குள் வரும் முகம் பெரும்பாலும் அவருடையதும் அவர் சீடர்களுடையதும்தான். டி. எஸ். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், மீனாட்சிசுந்தரம் என்று அந்த வரிசை நீளும். யாரும் பட்டம் வாங்கி வரவில்லை. மாஸ்டர் பக்கத்தில் இருந்து, அவர் விட்ட இடத்தை நிரப்பிக் கற்றவர்கள். அவர்கள் படங்கள் பக்கத்து சிவகாசியில் லட்சக்கணக்கில் அச்சாகி நாடெங்கும் போயின. சிவகாசி அச்சுத் தொழிலின் வேரே லேபிள்தான்: 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள், தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக லித்தோ அச்சகம் வந்தது, அச்சகம் இருந்ததால் காலண்டர் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குவதற்காக வரைந்த சேவலும் அணிலும் புலியும்தான் இந்த வட்டாரத்தின் முதல் கிராபிக் டிசைன் பாடம். மூன்று விரல் அகலத்தில், நான்கு அடி தூரத்திலிருந்து தெரியும்படி, இரண்டு மூன்று கலரில் வரைய வேண்டும். அதைவிடக் கடினமான பாடத்தை எந்தக் கல்லூரியும் வைத்ததாகத் தெரியவில்லை.

இதற்குப் பதிலாகச் சொல்லப்படும் ஒரு வாதம் உண்டு. ஈய எழுத்து கோர்த்தவர்கள் போனார்கள், பேஜ்மேக்கர் வந்தது. பேனர் ஓவியர்கள் போனார்கள், பிளக்ஸ் வந்தது. ஒவ்வொரு முறையும் புது வேலை முளைத்தது, இந்த முறையும் முளைக்கும் என்பார்கள். பாதி உண்மைதான். டிடிபி வந்தபோது கம்பாசிட்டர்களில் இளையவர்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார்கள். ஆனால் 2000-களில் பிளக்ஸ் பரவியபோது ஐம்பது வயது பேனர் ஓவியர் யாரும் கோரல் டிரா ஆபரேட்டர் ஆகவில்லை. புது வேலை வேறு ஆட்களுக்குப் போனது; பழைய ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். இப்போதைய மாற்றத்தில் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. இதுவரை வந்த ஒவ்வோர் இயந்திரத்துக்கும் முன்னால் ஓர் ஆபரேட்டர் உட்கார வேண்டியிருந்தது. இந்த இயந்திரத்தின் ஆபரேட்டர் வாடிக்கையாளரே.

அடுத்து எழுத்துக்கு வருகிறேன். தமிழ் அச்செழுத்தின் கதையில் இந்தக் கரைக்குத் தனி இடம் உண்டு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் கொண்டுவந்த தம்பிரான் வணக்கம் என்ற நூல் 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சானது. 1586-ல் அவருடைய அடியார் வரலாறு வந்தது. 600 பக்கங்களைத் தாண்டும் நூல். புன்னைக்காயலில் அச்சிட்டது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இந்த அச்சு முயற்சிக்கு முத்துக்குளித்துறைப் பரவர்கள் பணம் கொடுத்தார்கள். அந்த எழுத்துகளில் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. ரகரத்தையும் காலையும் பிரித்தறிய முடியாது. ஓலையில் எழுதும் வழக்கத்தை அப்படியே உலோகத்தில் வார்த்ததன் விளைவு. மொழி தெரிந்தவர் இடம் பார்த்துப் படித்துக்கொண்டார்.

அந்தக் குறை ஒரே நாளில் தீரவில்லை. கோவில்பட்டி அருகே காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் காட்ட வழி செய்தார். 1978-ல் தமிழக அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, லை, னை போன்ற 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. கணினிக்கு வந்தபோது சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைத் தந்தார்; மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தந்தார், பின்னாளில் ஆப்பிள் கருவிகளில் இருக்கும் தமிழ் எழுத்துருவும் அவருடையதாயிற்று. நானூற்று ஐம்பது ஆண்டு இந்த எழுத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தவர்கள் எல்லாரும் தமிழை வாசிப்பவர்கள். ஒரு கொம்பு எங்கே முடிய வேண்டும் என்பதில் அவர்களுக்குப் பிடிவாதம் இருந்தது.

2022-ல் வந்த படக் கருவிகளுக்குத் தமிழ் எழுதவே தெரியாது. தமிழ் மாதிரித் தோன்றும் கோடுகளைப் போட்டுத் தந்தன. 2025-ல் வந்தவை வெகுவாகத் தேறியிருக்கின்றன. நாலைந்து சொல் தலைப்பைப் பெரும்பாலும் சரியாக எழுதுகின்றன. ஆபத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது. முழுக்கத் தவறாக இருந்தபோது யாரும் அச்சுக்கு அனுப்பவில்லை. பத்து வரியில் ஒன்பது வரி சரியாக இருந்து, பத்தாவது வரியில் ஒரு புள்ளி விழுந்துபோனால், ஒரு ழகரம் பாதி மகரம் போல வளைந்தால், அது அப்படியே பிளக்ஸில் ஏறுகிறது. படமாக வந்த எழுத்தைத் திருத்தவும் முடியாது. மறுபடி கேட்டால் வேறு இடத்தில் வேறு பிழை. புன்னைக்காயல் எழுத்தில் புள்ளி இல்லாதது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாதது. அதற்கு ஒரு விதி இருந்ததால் வாசிக்க முடிந்தது. இன்றைய பிழைக்கு விதி இல்லை. பள்ளிக்கூடச் சுவரிலும் பஸ் நிலையத்திலும் இதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு எது சரியான வடிவம் என்று சொல்லித்தரும் கண்கள் குறைந்துகொண்டே போகும். அந்தக் கண்கள் பெரும்பாலும் டிடிபி கடைகளில்தான் இருந்தன.

எழுத்துப் பிழை மானத்தை வாங்கும், அவ்வளவுதான். லேபிள் பிழை வழக்கில் கொண்டுபோய் விடும். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; 2023-ல் உடன்குடி கருப்பட்டிக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் கிடைத்தது. அந்தக் குறியீட்டை முறைப்படி பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளர் மட்டுமே பாக்கெட்டில் போடலாம். அத்தோடு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், சைவத்துக்குப் பச்சைக் குறி, நிகர எடை, விலை, தயாரித்த தேதி, நிலக்கடலை ஒவ்வாமை பற்றிய குறிப்பு எல்லாம் வேண்டும். நிகர எடையின் எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட 2011 பொட்டலப் பொருள் விதிகளில் அளவு இருக்கிறது. இயந்திரம் வரைந்து தரும் அழகான கடலைமிட்டாய் கவரில் எண் போல ஒன்று இருக்கும், எண் இருக்காது. புவிசார் முத்திரை போல ஒன்று இருக்கும், அது முத்திரை அல்ல. அனுபவமுள்ள லேபிள் டிசைனர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான், படம் பிறகுதான். அவருக்குக் கொடுக்கும் ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் என்று நினைப்பவர், ஐயாயிரம் கவரை அச்சடித்த பிறகு குப்பையில் போடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு இன்னொன்று. மனிதர் ஆக்காத, இயந்திரமே ஆக்கிய படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில் உறுதி செய்தது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டம், கணினி ஆக்கிய படைப்புக்கு அதை ஆக்கச் செய்தவரையே ஆசிரியராகக் கொள்கிறது; அந்த வரி இன்றைய கருவிகளுக்கு எப்படிப் பொருந்தும் என்பது இங்கே இன்னும் தீரவில்லை. வ. உ. சி. துறைமுகத்திலிருந்து கப்பலேறும் பெட்டியின் மேல் இருக்கும் படத்தை நாளை ஒருவன் அமெரிக்காவில் அப்படியே எடுத்துப் போட்டால், தடுக்கப் பிடிமானம் இல்லாமல் போகலாம்.

இனி பங்கு விஷயம். கொண்டையா ராஜு 1976-ல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். உரிமை இன்று அச்சகத்திடம் இருக்கிறதோ குடும்பத்திடம் இருக்கிறதோ, 2036 இறுதி வரை அது உயிரோடு இருக்கிறது. இப்போது எந்தக் கருவியிடமும் “பழைய சிவகாசி காலண்டர் பாணியில் லட்சுமி” என்று கேட்டால், தாமரையும் யானையும் பின்னணி நீலமும் அந்த முகக் களையும் வந்து விழுகின்றன. எங்கிருந்து கற்றது? ஸ்டேபிள் டிப்யூஷனுக்குப் பயிற்சி தரப் பயன்பட்ட லயான் தொகுப்பில் இணையத்திலிருந்து திரட்டிய 500 கோடிக்கும் மேற்பட்ட படங்களின் முகவரிகள் இருந்தன. பல நிறுவனங்கள் தங்கள் கருவிக்கு எதை ஊட்டினோம் என்ற பட்டியலைக்கூட வெளியிடுவதில்லை. பாணிக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது என்பது சரி. ஆனால் பாணியைக் கற்கப் படத்தைத்தான் எடுத்தார்கள், படத்துக்கு உரிமை உண்டு.

எடுத்ததில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது இந்தக் கரைக்குப் புதிய கேள்வி அல்ல. கடலடியில் முத்துச்சிப்பி விளையும் கல்தரையை இங்கே பார் என்பார்கள். தொலையாயிரம் பார் அவற்றில் பெயர்பெற்றது. அரசு முதலில் ஆளனுப்பிப் பாரைச் சோதிக்கும். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, முதிர்ந்திருக்கிறதா என்று பார்க்கும். இளசாக இருந்தால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. குளிப்பு நடந்தால் மூழ்கி எடுத்தவனுக்குச் சிப்பியில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசுக்கு. தாராளமான பங்கு என்று சொல்ல மாட்டேன். உயிரைப் பணயம் வைத்தவனுக்கு அது குறைவு. இருந்தாலும் பங்கு என்று ஒன்று இருந்தது, கரையில் எல்லார் கண்முன்னாலும் பிரித்தார்கள். அத்தனை கட்டுப்பாடு இருந்தும் பார்கள் வறண்டன: 1955 முதல் தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் நடக்கவில்லை. படங்களை அள்ளியவர்கள் விஷயத்தில் சோதனையும் இல்லை, பங்கும் இல்லை. புதிய படம் வரைபவர்கள் பிழைக்க வழியின்றிப் போனால் அந்தப் பாரும் மறுபடி விளையாது. இயந்திரம் தான் வரைந்ததையே தின்று வரைய வேண்டிவரும்.

சட்டம் மெல்ல அசைகிறது. லண்டன் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் படங்களுக்கு உரிமம் விற்கும் கெட்டி இமேஜஸ், ஸ்டேபிள் டிப்யூஷன் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் பதிப்புரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை. இந்தியாவில் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு 2025 டிசம்பரில் ஒரு பரிந்துரையை முன்வைத்தது: கருவி நிறுவனங்கள் படைப்புகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், படைப்பாளி மறுக்க முடியாது, ஆனால் வருமானத்திலிருந்து உரிமத்தொகை தர வேண்டும். மறுக்கும் உரிமையைப் பறிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் பங்கு என்ற சொல் அரசின் தாளில் ஏறியிருக்கிறது. எந்தத் திட்டம் வந்தாலும், பங்கு கேட்பவர் இது என் படைப்பு என்று காட்ட வேண்டும். சினிமாப் பாட்டுக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. கோவில்பட்டி லேபிள் டிசைனரிடம் என்ன இருக்கிறது? பெயர் போடாத லேபிள், பில் இல்லாத வேலை, போன கம்ப்யூட்டரோடு போன ஃபைல்.

இது இன்றே மாற்றிக்கொள்ளக் கூடியது. செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் பில் எழுதி, அதில் டிசைன் யாருடையது, உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று ஒரு வரி சேர்க்கலாம். லேயர்களை ஒன்றாக்காத மூல ஃபைலைத் தேதியோடு வைத்துக்கொள்ளலாம். அதுவே மனிதக் கை வேலைக்கு ஆதாரம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கும் பழைய மேட்டரை யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் பத்தாண்டில் அதைத் திறக்கவே முடியாது. சிவகாசி, கோவில்பட்டி அச்சகத்தார் சங்கங்களும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து செய்ய வேண்டியது பெரிது: பழைய லேபிள் மூலங்களையும் காலண்டர் ஓவியங்களையும் ஓவியர் பெயரோடு படியெடுத்து ஒரு பதிவேட்டில் ஏற்றுவது.

அடியார் வரலாற்றின் அரிய மூலப் பிரதியைப் பார்க்க வாட்டிகன் நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. 1967-ல் இராசமாணிக்கம் அடிகளின் பதிப்பாக அது தூத்துக்குடியில் மறுபடி அச்சாவதற்கு 381 ஆண்டுகள் ஆயின. கொண்டையா ராஜுவின் சீடர்களிடம் கற்றவர்கள் இப்போது முதியவர்கள். எந்தப் படத்தை யார் வரைந்தார்கள் என்று நேரில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான். கையெழுத்து இல்லாத படத்துக்கு அவர்கள் சொல்லைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. 2036-க்குப் பத்தாண்டுதான் இருக்கிறது, பதிவேடு இன்னும் தொடங்கவில்லை.